குப்பை மலையைத் தோண்டி எடுத்தால் நிலம் தூய்மையாகிவிடுமா? தேவ்னார் முதல் காஜிப்பூர் வரை எழும் கேள்விகள்

மும்பையின் கிழக்குப் புறநகரில், தாணே கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் 1927ஆம் ஆண்டு முதல் குப்பை கொட்டப்பட்டு வருகிறது. தேவ்னார் குப்பைக் கிடங்கு என்று அழைக்கப்படும் அந்த இடம் இன்று 300 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. அதில் 124 ஏக்கரை, தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் கீழ் இடம்பெயர்க்கப்படும் மக்களுக்கு வீடு கட்ட வழங்குவதென மகாராஷ்டிர அமைச்சரவை 2024 அக்டோபரில் முடிவு செய்தது. அதற்கு முன்னதாக அங்குள்ள குப்பை முழுவதையும் அகற்றியாக வேண்டும். சுமார் 185 லட்சம் டன் பழைய குப்பையை மூன்று ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்துப் பிரித்து அனுப்புவதற்கு, 2,368 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மும்பை மாநகராட்சி 2025ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி கோரியது.

குப்பை போய்விட்டால் நிலம் கிடைத்துவிடும் என்பது எளிய கணக்கு. ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக மழைநீர் ஊறி இறங்கிய குப்பையைக் கிளறும்போது காற்றிலும் நீரிலும் என்ன கலக்கும், பிரித்தெடுத்த மண் எங்கே போகும், குப்பைக்குக் கீழே இருக்கும் நிலத்தின் நிலை என்ன என்ற கேள்விகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இவை தேவ்னாருக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. தூய்மை இந்தியா திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2021 அக்டோபரில் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கியபோது, நாடு முழுவதும் சுமார் 16 கோடி டன் பழைய குப்பை ஏறத்தாழ 15,000 ஏக்கரை அடைத்துக் கிடப்பதாகக் கணக்கிடப்பட்டது. அவை அனைத்தையும் அகற்றுவதே இலக்கு என அறிவிக்கப்பட்டு, டெல்லி, அகமதாபாத், கொச்சி, சென்னை எனப் பல நகரங்களில் பணிகள் நடைபெற்று வருகின்றன.

பயோமைனிங் என்பது என்ன?

சுரங்கத்தில் தாதுவை வெட்டி எடுப்பது போலக் குப்பை மேட்டை அடுக்கடுக்காக வெட்டி எடுப்பதால் இம்முறைக்குப் பயோமைனிங் என்ற பெயர் வந்தது. முதலில் பொக்லைன் இயந்திரங்கள் குப்பையை வெட்டி, நீண்ட வரப்புகளாகக் குவிக்கின்றன. அவற்றின் மீது நுண்ணுயிர்க் கரைசல் தெளிக்கப்படுகிறது. சில நாள்களுக்கு ஒருமுறை புரட்டிப் போடும்போது காற்றுப் பட்டு, மட்காமல் எஞ்சியவை மட்கி ஈரம் குறைகிறது. பின்னர் ட்ரோமல் எனப்படும் பெரிய சுழல் சல்லடைகளில் அது சலிக்கப்படுகிறது. பிளாஸ்டிக், துணி, ரப்பர் போன்ற எரியும் பொருள்கள் ஒருபுறமும், கல், செங்கல், கண்ணாடி போன்றவை மறுபுறமும் பிரிகின்றன. சல்லடைக் கண்ணின் வழியே உதிர்ந்து விழுவது கருநிற மண்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பழைய குப்பைக் கிடங்குகள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, இயன்ற இடங்களில் இம்முறையைக் கையாளுமாறு உள்ளாட்சி அமைப்புகளுக்கு உத்தரவிட்டன. 2019 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியின் மூன்று குப்பை மலைகளையும் அகற்றும் பணியைத் தொடங்குமாறு ஆணையிட்டது. காஜிப்பூர், பல்ஸ்வா, ஓக்லா ஆகிய மூன்றிலும் அப்போது இருந்த குப்பையின் அளவு சுமார் 280 லட்சம் டன். பணி மந்தமாக நடந்ததால், 2022 அக்டோபரில் டெல்லி அரசுக்கு 900 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது தீர்ப்பாயம்.

மேட்டைத் திறக்கும்போது

குப்பை மேட்டின் உட்பகுதியில் காற்று புகுவதில்லை. பிராண வாயு இல்லாத அந்த இருட்டில், உணவுக் கழிவையும் காகிதத்தையும் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது மீத்தேன் வெடிக்கக் கூடியது. நூறாண்டுக் கால அளவில் கரியமில வாயுவை விட ஏறத்தாழ 28 மடங்கு அதிகமாகப் புவியைச் சூடாக்கவும் வல்லது. தேவ்னாரிலிருந்து மணிக்குச் சராசரியாக 6,000 கிலோவுக்கும் மேல் மீத்தேன் வெளியேறுவதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்திடம் தெரிவித்துள்ளது. பயன்பாட்டில் உள்ள கிடங்கு அது.

மேட்டை வெட்டும்போது அடைபட்டிருந்த வாயு வெளியேறுகிறது. வெளிக்காற்று உள்ளே புகுகிறது. ஏற்கெனவே சூடாக இருக்கும் உட்பகுதிக்குக் காற்றுக் கிடைத்தால் தீப்பிடிக்க வேறு தூண்டுதல் தேவையில்லை. குப்பைக் கிடங்குத் தீ என்பது பயோமைனிங்கால் மட்டும் வருவதன்று. தேவ்னாரில் 2016 ஜனவரியில் மூண்டு, விண்ணிலிருந்தும் புகை தெரியுமளவுக்கு எரிந்த தீக்கு அகழ்வுப் பணி காரணமல்ல. காஜிப்பூரில் 2022 மார்ச்சிலும் 2024 ஏப்ரலிலும், பல்ஸ்வாவில் 2022 ஏப்ரலிலும், கொச்சியின் பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சிலும் பெருந்தீ மூண்டது. பிரம்மபுரத்தில் பயோமைனிங் ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலத்தில்தான் தீ பரவியது. பன்னிரண்டு நாள்களுக்கு நகரம் நச்சுப் புகையில் மூச்சுத் திணறியது. கொச்சி மாநகராட்சிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குறிப்பாக, எரியும் பொருளைத் தனியே பிரித்து, வாங்க ஆளின்றி அங்கேயே குவித்து வைப்பது கிடங்கின் ஆபத்தைக் கூட்டும்.

சரிவும் ஓர் அச்சம். 65 மீட்டர் உயரத்தை எட்டி, குதுப்மினாருக்கு இணையாகப் பேசப்பட்ட காஜிப்பூர் மலையின் ஒரு பகுதி 2017 செப்டம்பர் 1 அன்று மழைக்குப் பின் சரிந்து, அருகிலிருந்த கால்வாயில் விழுந்தது. சாலையில் சென்ற வாகனங்கள் நீருக்குள் தள்ளப்பட்டன, இருவர் உயிரிழந்தனர். அப்போது அங்கே அகழ்வு தொடங்கவில்லை. ஏற்கெனவே நிலைகொள்ளாத சரிவின் அடிவாரத்தை இயந்திரம் கொண்டு வெட்டும்போது கூடுதல் எச்சரிக்கை ஏன் தேவை என்பதற்கு அந்த விபத்தே சான்று.

மழைக்காலத்தில் பணியை நிறுத்திவைப்பது வழக்கம். ஈரக் குப்பை சல்லடையில் ஒட்டிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். வெட்டித் திறந்து போட்ட மேட்டுக்குள் மழைநீர் தடையின்றி இறங்கி, கருநிறக் கசிவுநீராக வெளியேறும் என்பது மற்றொன்று. மேடு மூடியிருந்தபோது மெல்லக் கசிந்தது, திறந்த பின் பெருக்கெடுக்கிறது. அதைத் தேக்கிச் சுத்திகரிக்கும் வசதி அகழ்வு தொடங்கும் முன்பே இருக்க வேண்டும்.

சலித்தெடுத்த மண்ணில் என்ன இருக்கிறது?

தீயும் புகையும் கண்ணுக்குத் தெரிபவை. பயோமைனிங் குறித்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது, சல்லடையின் கீழே விழும் மண். இந்தியக் குப்பைக் கிடங்குகள் பலவற்றில் தோண்டி எடுப்பதில் பாதியளவோ அதற்கு மேலோ இந்த மண்தான். பார்ப்பதற்குத் தோட்டத்து மண் போலவே இருக்கும். அதனால் அதற்கு 'நல்ல மண்', 'உயிர் மண்' என்றெல்லாம் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

பெயர் சூட்டியவர்கள், அதே மேட்டில் பல பத்தாண்டுகளாக வேறு என்னவெல்லாம் கொட்டப்பட்டன என்பதை மறந்திருக்கக் கூடும். வீட்டுக் குப்பையைத் தரம் பிரிக்கும் பழக்கம் இல்லாத காலத்தில் பேட்டரிகள், குழல் விளக்குகள், பெயின்ட் டப்பாக்கள், உடைந்த மின்னணுப் பொருள்கள், மருந்துக் கழிவு, சிறு பட்டறைகளின் கசடு ஆகிய எல்லாம் ஒரே லாரியில்தான் வந்தன. அவற்றிலிருந்த காரீயம், காட்மியம், குரோமியம், தாமிரம், துத்தநாகம் ஆகியவை மட்குவதில்லை. கரிமப் பொருள் மட்கிக் குறையக் குறைய, எஞ்சும் மண்ணில் உலோகத்தின் செறிவு கூடிக்கொண்டே போகிறது. நுண்ணிய துகள்களின் மேற்பரப்பில் அவை ஒட்டிக்கொள்வதால், சலிக்கும்போது மெல்லிய மண்ணோடு சேர்ந்தே கீழே விழுகின்றன.

டெல்லி, ஹைதராபாத், கடப்பா ஆகிய மூன்று இடங்களின் பழைய குப்பையிலிருந்து எடுத்த மெல்லிய மண்ணை ஆராய்ந்த டெல்லி ஐஐடி ஆய்வாளர்கள், தங்கள் முடிவுகளை 2018ஆம் ஆண்டு வெளியிட்டனர். சாதாரண மண்ணை விட அதில் கரிமப் பொருளும், நீரில் கரையும் உப்பும், கன உலோகங்களும் கூடுதலாக இருந்தன. நீரில் ஊறும்போது அதிலிருந்து கருநிறச் சாறு வெளிப்பட்டது. சுத்திகரிக்காமலும் தடுப்பு ஏற்பாடுகள் இல்லாமலும் அதை விரும்பிய இடத்தில் கொட்டுவது உகந்ததன்று என்பதே அந்த ஆய்வின் சாரம்.

அந்த மண்ணை உரமாகப் பயன்படுத்த வேண்டுமானால் அதற்கு விதி இருக்கிறது. கரிம உரம் ஒரு கிலோவில் காரீயம் 100 மில்லி கிராமுக்கும், குரோமியம் 50 மில்லி கிராமுக்கும், காட்மியம் 5 மில்லி கிராமுக்கும், பாதரசம் 0.15 மில்லி கிராமுக்கும் மிகக் கூடாது என 2016 விதிகள் வரையறுத்தன. வரம்பைத் தாண்டினால் உணவுப் பயிருக்கு இட முடியாது. ஆனால் அதே மண்ணைப் பள்ளத்தை நிரப்பவோ சாலைக்கு அடித்தளமாக இடவோ கேட்பவருக்குக் கொடுத்துவிட்டால், உரத்துக்கான அந்த வரம்பு அதைக் கட்டுப்படுத்துவதில்லை. தரம் தாழ்ந்த மண்தான் தாழ்வான நிலங்களைத் தேடிப் போகிறது. தாழ்வான நிலம் என்பது பெரும்பாலும் குளம், சதுப்பு அல்லது ஆற்றங்கரை. நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்கும் இடங்களும் அவையே.

அளவை எண்ணிப் பார்க்க ஒரு கணக்கு உதவும். ஒரு கிலோ மண்ணில் காரீயம் சரியாக வரம்பின் விளிம்பில், 100 மில்லி கிராம் இருப்பதாகக் கொண்டால், ஒரு லட்சம் டன் மண்ணில் 10 டன் காரீயம் இருக்கும். தேவ்னாரின் 185 லட்சம் டன்னில் பாதி இத்தகைய மண் எனில், 900 டன்னுக்கும் அதிகம். இது ஆய்வகத்தில் அளந்து கண்ட எண் அல்ல. வரம்புக்கு உட்பட்ட மண் கூட மொத்தமாகச் சேரும்போது எவ்வளவு சுமக்கும் என்பதற்கான எடுத்துக்காட்டு.

சோதனை செய்யப்படுவதில்லை என்று சொல்லிவிட முடியாது. எந்தச் சோதனை என்பதில்தான் சிக்கல். மண்ணில் உள்ள உலோகத்தின் மொத்த அளவைக் கண்டறிவது ஒரு வகை. மழைநீர் பட்டால் அதில் எவ்வளவு கரைந்து வெளியேறும் என்று பார்ப்பது மற்றொரு வகை. மொத்த அளவு கூடுதலாக இருந்தும் கரைவது குறைவாக இருக்கலாம்; நேர்மாறாகவும் நிகழலாம். உலோகம் கரையாவிட்டாலும் உப்பு கரையும். அருகிலுள்ள கிணற்று நீரைக் கெடுக்க அதுவே போதும். தவிர, ஒரு பழைய கிடங்கின் இரு மூலைகளில் எடுத்த மண் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு மூலையில் காய்கறிச் சந்தைக் கழிவு, மறு மூலையில் முலாம் பூசும் பட்டறையின் கசடு. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டன் சலிக்கும் இடத்தில் எப்போதாவது அள்ளிய சில கிலோ மாதிரி அனைத்துக்கும் சான்றாகாது.

சாலைக்குச் சென்ற மண்

டெல்லியின் குப்பை மலைகளிலிருந்து பிரித்தெடுத்த மண்ணும் கல்லும் லட்சக்கணக்கான டன் அளவில் நெடுஞ்சாலைகளுக்குச் சென்றுள்ளன. நகர விரிவாக்கச் சாலை-2இன் அடித்தளத்தில் அவை இடப்பட்டன. அகமதாபாத் - தோலேரா விரைவுச் சாலைக்குப் பிராணா குப்பை மேட்டின் மண் பயன்பட்டது. ஆற்று மணலையும் மலையையும் வெட்டாமல் சாலை போட முடிகிறது என்பது இதன் நன்மை. நன்கு இறுக்கி, மேலே நீர் புகாத தார்த் தளம் அமைத்தால் மழைநீர் உள்ளே இறங்குவதும் குறையும். பொறியியல் நோக்கில் இது பொருத்தமான பயன்பாடுகளுள் ஒன்று. எனினும் சாலைக் கரையின் பக்கச் சரிவுகள் திறந்தே இருக்கும். அச்சரிவுகளை நல்ல மண் கொண்டு மூடியிருக்கிறார்களா, சாலையோரக் கிணறுகளின் நீரைத் தொடர்ந்து சோதிக்கிறார்களா என்பதைப் பொறுத்தே அதன் பாதுகாப்பு அமையும். பாரம் ஏற்றிச் சென்ற லாரி எந்த இடத்தில், எவ்வளவு இறக்கியது என்ற பதிவு மக்கள் பார்க்கும்படி இருந்தால், பாதி ஐயங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

எரியும் பொருள்களின் கதை சுருக்கமானது. கழிவிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஆலையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்சாலைகள் தங்கள் எரிபொருளில் குறைந்தது 5 விழுக்காட்டைக் கழிவிலிருந்து பெற வேண்டும் என 2016 விதிகள் கூறின. பழைய குப்பையிலிருந்து கிடைக்கும் பிளாஸ்டிக்கில் மண்ணும் ஈரமும் ஒட்டியிருப்பதால் சிமென்ட் ஆலைகள் அதை எளிதில் ஏற்பதில்லை. ஏற்றாலும் போக்குவரத்துச் செலவை யார் தருவது என்ற இழுபறி தொடர்கிறது.

குப்பைக்குக் கீழே

எல்லாக் குப்பையையும் அகற்றிவிட்டதாகக் கொள்வோம். இந்தியாவின் பழைய கிடங்குகள் எவற்றுக்கும் பெரும்பாலும் அடியில் நீர் புகாத தளம் கிடையாது. பள்ளத்திலோ சதுப்பிலோ நேராகக் கொட்டப்பட்டவை அவை. எனவே கசிவுநீர் பல பத்தாண்டுகளாக அடி மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. ஹைதராபாத் அருகே ஜவஹர்நகர் கிடங்கிலிருந்து வெளியேறிய கசிவுநீர் மல்காரம் ஏரியைப் பாழாக்கியது கண்முன் நடந்த நிகழ்வு. நிலத்துக்கு அடியில் நடப்பதைப் பார்க்க வழியில்லை. மேட்டை அகற்றினால் புதிதாகக் கசிவு உருவாவது நிற்கும். ஏற்கெனவே இறங்கியது அங்கேயே இருக்கும்.

அகழாமல் மூடிவிடுவது மாற்று வழி. மும்பையின் கோராய் கிடங்கு 2007 இறுதியில் மூடப்பட்டு, சுமார் 23 லட்சம் டன் குப்பை சீர்செய்யப்பட்டு, நீர் புகாத உறையும் மண்ணும் இட்டுப் புல்வெளி ஆக்கப்பட்டது. ஜவஹர்நகரிலும் பழைய மேடு மூடப்பட்டது. மூடினால் தீயும் தூசியும் குறையும். வாயுவைக் குழாய் வைத்து எடுக்கலாம். ஆனால் குப்பை அங்கேயே கிடக்கும். நிலத்தில் கட்டடம் எழுப்ப முடியாது. பராமரிப்புச் செலவு பல ஆண்டுகள் நீளும். நிலத்தின் விலை விண்ணைத் தொடும் நகரங்களில் அகழ்வின் பக்கம் நிர்வாகங்கள் சாய்வதற்கு இதுவே முதன்மைக் காரணம். இந்தூரில் தேவ்குராடியா கிடங்கின் 100 ஏக்கரை 2018இல் சில மாதங்களில், வாடகை இயந்திரங்களைக் கொண்டு குறைந்த செலவில் மீட்டது பிற நகரங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. அங்கே அகற்ற வேண்டியிருந்தது சுமார் 13 லட்சம் டன். தேவ்னாரின் அளவில் அது பதினான்கில் ஒரு பங்கு. அதோடு, இந்தூரில் புதிய குப்பை வீட்டு வாசலிலேயே தரம் பிரிக்கப்பட்டதால் மேடு மீண்டும் வளரவில்லை. டெல்லியில் ஒருபுறம் சலித்துக்கொண்டிருக்க, மறுபுறம் அன்றாடக் குப்பை அதே மலைக்கு வந்து சேர்ந்தது. கெடு பலமுறை தள்ளிப்போனதில் வியப்பில்லை.

சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகளில் நடைபெறும் பணிகளுக்கும் இவை பொருந்தும். பெருங்குடி கிடங்கு, 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது என்பதால், மீட்ட நிலத்தின் அடி மண்ணில் எஞ்சியிருப்பது என்ன என்பது அங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

வீடு கட்டலாமா?

மூடப்பட்ட குப்பைக் கிடங்குகளைப் பற்றி 2016 விதிகள் தெளிவாகவே பேசின. மூடிய பின் 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்றன அவை. அதன் பிறகும், வெளியேறும் வாயுவும் கசிவுநீரும் நிர்ணயித்த தரத்துக்குள் இருப்பதையும், மண் உறுதியாக இருப்பதையும் உறுதி செய்த பின்னரே மக்கள் குடியிருப்புக்கு அந்த இடத்தைப் பரிசீலிக்கலாம் என்றும் அவை கூறின. குப்பையை முற்றிலும் அகற்றிவிட்டால் அது மூடப்பட்ட கிடங்கே அல்ல, எனவே 15 ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை என்பது அகழ்வை ஆதரிப்போரின் வாதம். எழுத்தளவில் அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வாதம் நிற்க வேண்டுமானால், குப்பை முற்றிலும் போய்விட்டது என்பதோடு, அடி மண்ணும் நிலத்தடி நீரும் குடியிருப்புக்கு ஏற்ற தரத்தில் உள்ளன என்பதும் ஆழம் ஆழமாகத் துளையிட்டு எடுத்த மாதிரிகளால் மெய்ப்பிக்கப்பட வேண்டும். பயோமைனிங் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் டன் கணக்கில் பணம் தருபவை. எத்தனை டன் அகற்றப்பட்டது என்பதே அவற்றின் அளவுகோல்.

124 ஏக்கர் போக எஞ்சிய பகுதியும் அருகிலேயே இருக்கப் போகிறது. கோவண்டி, சிவாஜி நகர் பகுதிகளின் மக்கள் தேவ்னாரின் புகையிலும் நாற்றத்திலும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருபவர்கள். அகழ்வின்போது எழும் தூசி முதலில் போய்ச் சேர்வதும் அவர்களிடமே. கிடங்கிலேயே பொருள் பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்களும் அங்கு உண்டு. தாராவியிலிருந்து வருவோர் அவர்களோடு சேர்வார்கள்.

மூன்றாண்டுக் கெடுவும் சிந்திக்கத்தக்கது. 185 லட்சம் டன்னை மூன்று ஆண்டுகளில் அகற்ற, நாள்தோறும் சராசரியாக 17,000 டன் வெளியேற வேண்டும். ஆண்டுக்கு நான்கு மாத மழைக்காலத்தைக் கழித்தால் அது 25,000 டன்னாக உயர்கிறது. 20 டன் ஏற்றும் லாரிகளில் நாளொன்றுக்கு 1,250 நடைகள். இதே மும்பையில், 2018இல் மூடப்பட்ட முலுண்ட் கிடங்கின் 70 லட்சம் டன் குப்பையை அகற்ற ஆறு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அதுவும் போதாமல் நீட்டிக்கப்பட்டது. அதை விட இரண்டரை மடங்குக்கும் அதிகமான குப்பையைப் பாதிக் காலத்தில் வெளியேற்ற முனையும்போது, ஒவ்வொரு குவியலையும் மட்கவிட்டு, மாதிரி எடுத்து, முடிவு வரும்வரை காத்திருந்து, அதன் பிறகு லாரியில் ஏற்றுவதற்கு நேரம் எங்கிருந்து வரும் என்பதை ஒப்பந்தக்காரர் மட்டுமன்றி மாநகராட்சியும் விளக்க வேண்டியிருக்கும்.